முப்பத்தொன்பதாம் வருடத்து ரூபாய்

டிசம்பர் 2, திங்கள்

காலை ஏழு மணி ஆகியும் எதிரே இருக்கும் பாக்குத் தோப்பு தெரியவில்லை. மலையிலிருந்து இறங்கிய பனி மேட்டுப்பாளையத்தையே மூடிவிட்டது. பால்காரரின் குரல் வந்தது, ஆள் வரவில்லை. வாசல் கதவுவரை போய் நின்ற பிறகுதான் சைக்கிளும் கேனும் அவரும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஏழு வாரம். பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் மாடிப்படி ஏறி வருவதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. காபியை இடது கையால் குடிக்கப் பழகிவிட்டார். வலது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. அந்தக் கேட்காத கையில்தான் காசை வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம்.

காசு என்றால் 1939ஆம் வருடத்து வெள்ளி ரூபாய். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டது. அந்த வருடத்து ரூபாய் வெளியே வந்தது மிகவும் குறைவு. நாணயம் சேர்ப்பவர்கள் அதைப்பற்றிப் பேசும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். நாற்பது வருடமாக இவரிடம் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் காபியோடு அதை எடுத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பார். பிறகு சின்னத் தகர டப்பாவில் போட்டு மூடிவிடுவார். யாரையும் தொடவிட்டதில்லை, என்னையும்தான்.

இன்று அது கை நழுவித் தரையில் விழுந்தது. நான் அடுப்படியில் இருந்தேன், சத்தம் கேட்டது. போய் எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெள்ளி அப்படி விழாது.

டிசம்பர் 5, வியாழன்

மூன்று நாளாக அந்தச் சத்தத்தை மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. முப்பத்திரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தவள் நான். கண்ணாடிக் குடுவையில் விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். மலை ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்த இவர் காசு சேர்க்கத் தொடங்கியபோது அந்தக் காதை இவருக்கும் கொடுத்தேன். இவர் வாங்கி வருவார், நான் சோதிப்பேன். இப்படித்தான் மலையடிவார நாணயக் கழகத்தில் இவர் மூத்த உறுப்பினராகவும் நான் பரிசோதகராகவும் ஆனோம். எந்தக் காசானாலும் இந்தச் சாரதாமணியின் மேசையைத் தாண்டித்தான் கண்காட்சிக்குப் போகவேண்டும்.

நல்ல வெள்ளி ரூபாயை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் நீளமாக ஒரு ரீங்காரம் எழும். அது அடங்கும்வரை பேச மனம் வராது. வார்ப்பில் ஊற்றிய போலிக் காசு ‘டொக்’ என்று நின்றுவிடும். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு. இரண்டு பக்கமும் தலை இருந்தால் விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அது இரண்டு காசை அரைத்து ஒட்டிய வித்தைக்காரன் காசு. ராஜாவின் முகம் பள்ளமாகப் பதிந்திருந்தால், அச்சுப்பிழைக் காசு, நல்ல விலை போகும் என்று சந்தோஷப்படுவதற்குமுன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். நசுங்கியிருந்தால் யாரோ பட்டறையில் இரண்டு காசைச் சேர்த்து நெரித்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் போலிகளுக்கென்றே கண்காட்சியில் ஒரு மேசை உண்டு. பொறுப்பு என்னுடையது, கூட்டமும் அங்கேதான் அதிகம்.

போன வருடம் எங்கள் கழகத்துத் திருமூர்த்தி தன் வீட்டுப் பூஜை அறையிலிருந்து ஒரு செப்புக் காசைப் பட்டுத்துணியில் மடித்துக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1818. மூன்று தலைமுறையாக மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டது. லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். கம்பெனிக்காரன் அனுமாரைப் போட்டுக் காசு அடித்ததே கிடையாது, இது கோயில் வாசலில் விற்ற வில்லை என்று சபையிலேயே சொல்லிவிட்டேன். மனிதர் ஒரு மாதம் கழகத்துப் பக்கமே வரவில்லை. பாவம்தான். ஆனால் போலியைப் போலி என்று சொல்ல ஒருத்தியாவது வேண்டுமே.

வருடத்தைத் திருத்திய காசைத் தெரிந்தே அசல் என்று வைத்திருப்பவர் கழகத்தில் இருக்கக்கூடாது என்ற விதியை எழுதியதும் நான்தான். இரண்டு பேர் அப்படி வெளியே போயிருக்கிறார்கள்.

இவருடைய ரூபாயை மட்டும் நான் சோதித்ததில்லை. கேட்டதுமில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

கழகத் தலைவர் ஆறுச்சாமி வந்தார். இரும்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு இப்போது முழுநேரமும் கழகம்தான். கையில் மை வாசம் போகாத நோட்டீஸ் கட்டு.

“பாருங்கக்கா. வெள்ளி விழாக் கண்காட்சி, சனவரி பத்தொம்பது, ஞாயித்துக்கெழம.”

கீழே பெரிய எழுத்தில் ‘சிறப்புக் காட்சி: அபூர்வ 1939 வெள்ளி ரூபாய், வழங்குபவர் திரு. சென்னியப்பன்’ என்று இவர் பெயர் போட்டிருந்தது.

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?” என்றேன்.

“கேக்கோணுங்களாக்கா? அண்ணனுக்கு ஒடம்பு சொகமில்லாமப் போச்சு. நாலு பேரு வந்து பாத்து நல்லதா ரெண்டு வார்த்த சொன்னா ஒரு தெம்பு வருமல்லங்க. கோயமுத்தூர்லருந்து எல்லாம் வராங்க.”

“வே... ண்டாம், ஆறுச்சாமி” என்றார் இவர்.

“சும்மா இருங்கண்ணா. இன்னும் எத்தன வருசந்தான் டப்பாக்குள்ளயே வெச்சிருப்பீங்க? அஞ்சாந்தேதி சோதனை. அக்கா ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது வேல.”

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குமுன் இவர் டப்பாவைத் திறந்திருந்தபோது யாரோ வருடத்தை எட்டிப் பார்த்துவிட்டார்கள். அதிலிருந்துதான் இந்தப் பேச்சு. இவர் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

ஆறுச்சாமி போனபின் கேட்டேன். “ஏனுங்க, வேண்டாங்கறீங்க?”

“வேண்டாம்னா... வேண்டாம் புள்ள.”

அப்படியானால் இவருக்கே தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரான் போலியையெல்லாம் பிடித்துக் கொடுத்துவிட்டு, என் வீட்டிலேயே ஒன்றை வைத்துக் காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

நாளெல்லாம் மழைக்கோலம், மழை இல்லை. மத்தியானம் படுத்தவள் அப்படியே உறங்கிவிட்டேன். கனவில் இதே வீடு, ஆனால் பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை. முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. டிங். கொஞ்சம் நிற்கிறது. மறுபடி டிங். தரையோடு தரையாக அது நகர்ந்து அடுப்படிப் பக்கம் வருகிறது. நான் எழுந்து பார்க்கவேண்டும், எழ முடியவில்லை. வாசற்படிவரை வந்ததும் விழித்துவிட்டேன்.

வெளியே வந்து இவரைக் கேட்டேன். “ஏதாச்சும் சத்தம் கேட்டுதுங்களா?”

வெகுநேரம் என்னைப் பார்த்தார். “இல்ல” என்றார்.

டிசம்பர் 14, சனி

இன்றும் அதே கனவு. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை.

கொத்தமல்லி கட்டு நன்றாக இருந்தது. துவையல் அரைத்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

கைப்பயிற்சிக்கு இவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தேன். என் வாழ்க்கையில் இவருக்குத் தெரியாமல் இவருடைய பொருளைத் தொட்டது இதுதான் முதல் தடவை. ஆய்வகத்தில் செய்வதுபோலவே செய்தேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். பள்ளியில் கழித்துக்கட்டியபோது வாங்கி வந்த தராசை ஊதித் துடைத்தேன். கை கழுவினேன்.

எடை: பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் கீழே. இருக்கவேண்டியதைவிடக் குறைவு, தேய்மானம் என்று விட்டுவிடலாம். காந்தம்: ஒட்டவில்லை. ஓசை: ‘டொக்’.

ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்தேன். ராஜாவின் கிரீடத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி, மிளகு அளவில் ஒரு வட்டம் நிழலாகத் தெரிந்தது. துளை. யாரோ துளையை வெள்ளியால் அடைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உப்புத்தாளால் இழைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. வேறு யாருடைய மேசையானாலும் தப்பித்திருக்கும்.

பிறகு வருடம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கடைசி ஒன்பது, ஒன்பதே அல்ல. எட்டின் கீழ்வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறது. ஆக இது 1938. எந்தக் கடையிலும் கேட்டால் கிடைக்கும் ரூபாய்.

தேய்மானமும் விசித்திரம். கைமாறிப் புழங்கிய காசு மேடான இடங்களில் தேயும், கன்னத்தில், காதில். இது ஒரே இடத்தில், அடைத்த துளையின்மேல் மட்டும், கண்ணாடிபோல வழவழத்திருக்கிறது. கட்டைவிரல் படும் இடம்.

கடைசியாக, ராஜாவின் கழுத்தில் குறுக்காக ஒரு கீறல். ஆணி வழுக்கியது.

தராசை உறையில் போட்டேன். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

டிசம்பர் 18, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை. வெண்டைக்காய் முற்றல்.

டிசம்பர் 20, வெள்ளி

அந்தக் கீறலைப் போட்டது நான்.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுதலாம்.

எண்பத்திரண்டில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மூன்றாம் மாதம் அரைஞாண் கயிற்றில் வெள்ளி கோக்கவேண்டும் என்றார்கள். என் மாமனார் பெட்டியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். ஆசாரியிடம் போக எனக்குப் பொறுமையில்லை. அம்மிமேல் வைத்து ஆணியால் நானே துளை போட்டேன். முதல் அடியில் ஆணி வழுக்கி ராஜாவின் கழுத்தில் இழுத்துவிட்டது. இவர் பார்த்துவிட்டு, “ராசாவையே வெட்டிப்போட்டியே புள்ள” என்று சிரித்தார். சின்னப் பெண்ணுக்குப் பெரிய காசு. அவள் தவழத் தொடங்கியதும் அது முன்னால் தொங்கித் தரையில் இடிக்கும். டிங். நின்று ஏதாவது பொறுக்குவாள். மறுபடி டிங். வீட்டில் எந்த மூலையில் இருக்கிறாள் என்று அடுப்படியிலிருந்தே எனக்குத் தெரியும்.

பத்து மாதத்தில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள்.

குழந்தைகளைப் புதைக்கத்தான் செய்வார்கள். பெண்கள் போகக்கூடாது. ஆண்கள் நாலு பேரோடு இவர்தான் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். திரும்பி வருவதற்குள் என் மாமியார் தூளிச் சேலை, கிலுகிலுப்பை, பால் சங்கு எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். கண்ணில் பட்டால் நான் பிழைக்கமாட்டேன் என்று பயம். அவர்மேல் குறை சொல்லமாட்டேன். இவர் தலை நனைந்து உள்ளே வந்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “காசு?”

“போட்டாச்சு” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தேன், சோறு தின்றேன், மறுபடி வேலைக்குப் போனேன். அவள் அங்கே தனியாக இல்லை, பிடித்துக்கொள்ளக் கையில் அவளுடைய காசு இருக்கிறது என்று நாற்பத்தொரு வருடம் நம்பியிருந்தேன். அதற்குப்பின் எங்களுக்குப் பிள்ளை இல்லை.

டிசம்பர் 21, சனி

காலையில் அவர் டப்பாவைத் தேடுவதற்குமுன் காசை எடுத்து அவர் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“போட்டாச்சுன்னு சொன்னீங்களே.”

அவர் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

“போடத்தான்... கொண்டுட்டுப் போனேன். கயித்த அறுத்துக் கையில குடுத்தாங்க. குழிக்குள்ள... வெக்கச் சொன்னாங்க. கை வரல, சாரதா.”

“அப்ப எங்கிட்டக் குடுத்திருக்கலாமல்லங்க?”

“அம்மா எடுத்து வீசியிருக்கும். உன்ற கண்ணுல பட்டா... நீ இருக்கமாட்டேன்னாங்க. ஓட்டைய அடைச்சேன். வருசத்த மாத்துனேன். பாத்தாலும் தெரியக்கூடாதுன்னு.”

“இந்தக் காசெல்லாம்? கழகம், கண்காட்சி எல்லாம்?”

“ஒத்தக் காச வெச்சுட்டு... தெனமும் பாத்துட்டிருந்தா கேப்பாங்க. நெறையா இருந்தா... ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

எட்டு ஆல்பம், நானூறு காசு. ஒவ்வொன்றையும் நான் எடை போட்டு அட்டை எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்த ஒரு காசை ஒளித்துவைக்க வாங்கிய கூட்டம். பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டு நானும் கூட உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. “எம் புள்ளைய வெறுங்கையோட அனுப்பீட்டீங்க” என்றேன்.

“ஆமா” என்றார்.

டிசம்பர் 25, புதன்

நாலு நாளாகப் பேசவில்லை. சோறு போடுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன், விரல்களை நீவி விடுகிறேன். அவரும் கேட்பதில்லை. பனி மத்தியானம்வரை விலகாமல் முற்றத்திலேயே நிற்கிறது. துணி காயவில்லை.

கனவு நின்றுவிட்டது. அதற்கும் அவர்மேல்தான் கோபம் வருகிறது.

டிசம்பர் 31, செவ்வாய்

இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் தொட்ட பொருள் ஒன்றுகூட இந்த உலகத்தில் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். ஒன்று இருந்திருக்கிறது, அடுத்த அறையில், நாற்பத்தொரு வருடமாக. நான் துடைத்த அலமாரியில், நான் துவைத்த தலையணை உறைக்கு அடியில். தினமும் அவர் அதை வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

ஐந்தாம் தேதி சோதனை. நான் கையெழுத்துப் போட்டால் கேள்வி கேட்க ஆளில்லை. காசு கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டு மாலையில் வீட்டுக்கு வந்துவிடும், இவர் மானமும் மிஞ்சும். போடாவிட்டால், இத்தனை வருடம் அண்ணா அண்ணா என்று சுற்றிவந்த அந்தப் பத்துப் பேர் முன்னால் இவர் பித்தலாட்டக்காரர். இவருக்கு வேறு சிநேகிதர்களும் கிடையாது.

ஜனவரி 5, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

கழகத்தில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். இவரை நாற்காலியில் உட்காரவைத்து ஆறுச்சாமி சால்வை போர்த்தினார். மற்றக் காசுகளை முடித்துவிட்டு, கடைசியாக டப்பாவைத் திறந்தேன். எடை பார்த்தேன். விரல் நுனியில் நிறுத்தித் தட்டினேன்.

‘டொக்.’

காசோடு புழங்கும் காதுகள். யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“இன்னொருக்காத் தட்டிப் பாருங்கக்கா” என்றார் ஆறுச்சாமி.

“எத்தன தடவ தட்டினாலும் இதே சத்தந்தானுங்க.”

படிவத்தில் எழுதினேன். துளை அடைக்கப்பட்டது. வருடம் திருத்தப்பட்டது, அசல் வருடம் 1938. ஏற்கப்படவில்லை. கையெழுத்தும் போட்டேன்.

ஆறுச்சாமிக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் நல்ல மனிதர், உடனே ஒரு வழி திறந்துவிட்டார். “அண்ணன் ஏமாந்துட்டாருங்க. எவனோ ஏமாத்திக் குடுத்துட்டான். அந்தக் காலத்துல யாருக்குங்க தெரியும்?”

தலையாட்டினால் போதும். எனக்குத் தலை ஆடத்தான் பார்த்தது. அதற்குள் இவர் தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

“யாரும்... குடுக்கல. நாந்தான் மாத்துனேன்.”

திருமூர்த்தி மட்டும் கேட்டார். “நீங்களாண்ணா? எதுக்குங்க?”

இவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. மறுபடி திறந்தார். என் கோபம் அந்த நிமிடத்தில் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் அத்தனை பேர் நடுவில் இவரைத் தனியாக நிற்கவிட எனக்கு மனமில்லை.

“எங்க பாப்பாவுதுங்க” என்றேன். “பத்து மாசத்துல போயிட்டா. அரணாக்கயித்துல போட்டிருந்தா. ஓட்டைய அடைச்சு வெச்சிருந்தாரு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு. அவ பேரு தேன்மொழி.”

நாற்பத்தொரு வருடத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“விதி இருக்குதுங்க. இவரு பேர எடுத்துருங்க” என்றேன், படிவத்தைப் பார்த்தபடி.

திருமூர்த்தி எழுந்து வந்தார். நான் சபையில் வைத்து அவமானப்படுத்திய மனிதர். மேசையிலிருந்த காசை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இவருடைய வலது கையை விரித்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். நான் அழுதேன். கூட்டத்தில் அழுதது அதுவும் முதல் தடவை.

கிளம்பும்போது பார்த்தேன். ஆறுச்சாமி மூலையில் தரையில் உட்கார்ந்து, நோட்டீஸ் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்தச் சிறப்புக் காட்சி வரியைப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று நானாகவே பேச்சை எடுத்தேன். அவளை வைத்த இடம் எது என்று கேட்டேன். இத்தனை வருடமும் கேட்காத கேள்வி.

“தெரியும்” என்றார். “கூட்டிட்டுப் போறேன்.”

“காச அவகிட்டக் குடுத்துரோணும். அவளுது.”

டப்பாவை எடுத்து ஒரு தடவை திறந்து மூடினார். பிறகு சரி என்றார். அவருக்கு வலித்தது தெரிந்தது. தெரிந்தேதான் சொன்னேன்.

ஜனவரி 19, ஞாயிறு

கண்காட்சி முடிந்தது. நல்ல கூட்டம். கழகத்துக்காரர்கள் இவர் பெயரை எடுக்கவில்லை, வாசலில் உட்காரவைத்து வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இடது கையாலேயே கொடுத்தார், ஒருவரும் தப்பாக நினைக்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போனோம். பனியில் ஆறு தெரியவில்லை, ஓடுவது மட்டும் கேட்டது. இறங்கிய இடம் இப்போது நாற்றுப் பண்ணை. பச்சை வலைக்குக் கீழே கறுப்புப் பைகளில் ஆயிரக்கணக்கில் நாற்றுகள், எல்லாம் முழங்கால் உயரம். தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண், “என்ன நாத்துங்க வேணும்?” என்றாள். சும்மா பார்க்க வந்தோம் என்றேன். பாருங்க என்று நகர்ந்துவிட்டாள்.

“இங்க... ஒரு மருதமரம் இருந்துது” என்றார் இவர். மரம் இல்லை, அடிக்கட்டை இருந்தது. அதில் முதுகைக் கொடுத்து ஆற்றைப் பார்த்து நின்றார். “இங்கிருந்து ஏழு தப்படி.” தடியை ஊன்றி நடந்தார். இப்போதைய அடி சின்னது என்று அவரே கணக்குப் பண்ணிப் பதினொன்றுவரை எண்ணி நின்றார். செம்பருத்தி நாற்றுகளுக்கு நடுவே.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பையை ஒதுக்கிவிட்டு விரலாலேயே தோண்டினேன். ஈர மண், சுலபமாக வந்தது. ஒரு சாண் ஆழம் ஆயிற்று. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தேன். வைத்து மூடிவிட வேண்டியதுதான், அதற்குத்தான் வந்தேன். தேன்மொழி, இந்தா உன் காசு என்று சொல்லவும் சொன்னேன்.

கையைக் குழிக்குள் விட்டேன். விரல் விரியவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன். விரல்கள் இன்னும் இறுகிக்கொண்டன. காசு உள்ளங்கையில் சூடாகிவிட்டது. பின்னால் இவர் நின்றுகொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. பனி விலகி ஆற்றின் அக்கரை தெரியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு கையை வெளியே எடுத்துக்கொண்டு குழியை வெறுமனே மூடினேன்.

எனக்கு அறுபத்தாறு வயது. குழியில் வெறும் மண்தான் இருந்தது, எனக்கே கை வரவில்லை. அன்று அந்தக் குழிக்குள் எங்கள் பெண் இருந்தாள், இவருக்கு வயது இருபத்தொன்பது.